வெந்நீரின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

கோவையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் 2006-இல் வாங்கிய 25 லிட்டர் கீசர் ஒன்று 16 ஆண்டுகள் உழைத்தது. 2022 தீபாவளிக்குப் பிறகு அதைக் கழற்றிவிட்டு, ஐந்து நட்சத்திரக் குறியுள்ள புதிய கீசரைப் பொருத்தினேன். பழையதை என்ன செய்தேன் என்பதைச் சொல்லச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. மாடியில் குடியிருப்பவர்களின் மூன்று லிட்டர் வாட்டர் ஹீட்டர் அந்த வாரம்தான் பழுதாகியிருந்தது. பழைய கீசரை மாடிக்கு ஏற்றி, அவர்களுடைய குளியலறையில் மாட்டச் சொல்லிவிட்டேன். "சார், இது இன்னும் அஞ்சு வருஷம் ஓடுங்க" என்றார் மாட்டியவர். எனக்கும் மனநிறைவாக இருந்தது. ஒரு பொருள் வீணாகவில்லை, குடித்தனக்காரருக்கு வெந்நீர் கிடைத்தது, எனக்கும் செலவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். ஒரு கருவியை வாங்குபவர் ஒருவராகவும், அதை இயக்கும் செலவை ஏற்பவர் வேறொருவராகவும் இருந்தால் சந்தை பிழைபடும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்கியவன். அந்தப் பாடம் என் வீட்டு மாடிப்படியில் நான்கு கைகளால் தூக்கிச் செல்லப்பட்டபோது எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

சனவரியில் மின்கணக்கீடு முடிந்த மறுநாள் குடித்தனக்காரர் கைப்பேசியுடன் கீழே வந்தார். மாடிக்குத் தனி மின் இணைப்பு. முந்தைய தவணையில் 470 யூனிட் ஓடியிருந்தது. கட்டணம் 1,545 ரூபாய். இப்போது 540 யூனிட். கட்டணம் 2,270 ரூபாய். "சார், மீட்டர்ல ஏதாவது கோளாறு இருக்குமா?" என்று கேட்டார். வீட்டில் புதிதாக எந்தக் கருவியும் வாங்கவில்லை என்றார். அவர் வாங்கவில்லைதான். நான் கொடுத்திருந்தேன்.

70 யூனிட் கூடியதற்கு 725 ரூபாய் எப்படி ஏறும் என்பது அவருக்கு விளங்கவில்லை. நம்மில் பலருக்கும் விளங்குவதில்லை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணைப்படி, இரண்டு மாதங்களில் 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம்; அடுத்த 100 யூனிட்டுக்குத் தலா 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50 ரூபாய், அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501-ஆவது யூனிட் ஓடிவிட்டால் அட்டவணையே மாறிவிடுகிறது. 101 முதல் 400 வரை எல்லா யூனிட்டுக்கும் 4.50 ரூபாய் என்றாகி, கட்டணம் 1,958 ரூபாயாகிறது. அந்த ஒரேயொரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! அதற்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8 ரூபாய். பின்னர் இந்த விலைகள் ஓரளவு உயர்ந்தன. ஆனால் 500-இல் இருக்கும் இந்தப் பள்ளம் தூர்க்கப்படவில்லை.

மாடியில் இருப்பவர்கள் ஐந்து பேர். அவருடைய தாயார் முழங்கால் வலிக்காரர். கைக்குழந்தை ஒன்றும் உண்டு. வெந்நீர் எந்த நேரத்திலும் தேவைப்படும் வீடு. "சுவிட்சைப் போட்டே வைத்துக்கொள்ளுங்கள், சூடானதும் தானே அணைந்துகொள்ளும்" என்று யோசனை சொன்னவனும் நானே. தெர்மோஸ்டாட் தானே அணைத்துக்கொள்ளும் என்பது உண்மை. தொட்டி ஆறியதும் அது தானே மீண்டும் இயக்கிக்கொள்ளும் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை எவரும் சொல்வதில்லை.

பொங்கலுக்கு அவர்கள் ஊருக்குப் போனபோது, எலக்ட்ரீசியனிடம் ஒரு சப்-மீட்டர் வாங்கி அந்தக் கீசருக்கு மட்டும் இணைக்கச் செய்தேன். ஒரு சொட்டு வெந்நீரும் திறக்கப்படாமல் 24 மணி நேரத்தில் ஒன்றரை யூனிட் ஓடியிருந்தது. அதே மீட்டரைக் கீழே என் புதிய கீசரில் இணைத்துப் பார்த்தேன். அரை யூனிட் சொச்சம்.

இந்த ஒன்றரை யூனிட்டின் பொருளை உணர, ஒரு வாளி வெந்நீருக்கு ஆகும் மின்சாரத்தைக் கணக்கிட வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரத்தில் இருப்பது 3,600 கிலோஜூல். மார்கழியில் 22 டிகிரியில் வரும் குழாய்த் தண்ணீரைக் குளிக்கும் சூடான 40 டிகிரிக்குக் கொண்டுவர, 20 லிட்டர் வாளிக்கு 0.42 யூனிட் ஆகும். எந்தக் கீசரிலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. நீருக்குள் மூழ்கியிருக்கும் கம்பிச்சுருளின் வெப்பம் முழுவதும் நீருக்கே போகிறது. வேறெங்கும் போக வழியில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு சுருள்மீது படிந்தால்கூட, சூடாகத் தாமதமாகுமே தவிர, வெப்பம் வீணாகாது. சுருள்தான் விரைவில் எரிந்துபோகும். சிறுவாணி நீரிலேயே வளர்ந்த கோவைக்காரர்களுக்கு இந்த உப்புப் பொருக்கு அண்மைக்கால அறிமுகம்.

ஆகவே பழைய கீசருக்கும் புதிய கீசருக்கும் உள்ள வேறுபாடு, நீரைச் சூடாக்குவதில் இல்லை. சூட்டைக் காப்பதில் இருக்கிறது. உள்தொட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே அடைக்கப்படும் நுரைப் பஞ்சு தடிமனாகவும் இடைவெளியின்றியும் இருந்தால் சூடு நிற்கும். 2001-ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2002-இல் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் பணியகம் கீசர்களுக்கு வழங்கும் நட்சத்திரங்களும் இந்த ஓர் இழப்பை அளந்தே வழங்கப்படுகின்றன. நட்சத்திரச் சீட்டை உற்றுப் பார்த்தால், 24 மணி நேரத்தில் சும்மா இருக்கும்போது எத்தனை யூனிட் இழக்கும் என்ற எண் அதில் இருக்கும். கடைக்காரர்கள் நட்சத்திரங்களைத்தான் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

மாடிக் குடும்பம் நாளொன்றுக்குப் பயன்படுத்திய வெந்நீர் நான்கு வாளி என்று கொண்டால் 1.7 யூனிட். குளித்ததற்கு ஏறக்குறைய இணையாக, குளிக்காமலேயே சுவர் வழியாக ஒன்றரை யூனிட் போயிருக்கிறது.

அப்படியானால் சுவிட்சை அணைத்தாலே போதாதா என்று வாசகர் கேட்கலாம். பல வீடுகளில் போதும். காலையில் அரைமணி நேரத்துக்குள் எல்லோரும் குளித்து வெளியேறும் வீட்டில் பழைய கீசரை மாற்றினால் கிடைக்கும் மிச்சம் சொற்பம். அவர்கள் ஒன்பதாயிரம் ரூபாய் செலவிட வேண்டியதில்லை. நாள் முழுதும் வெந்நீர் வேண்டிய வீடுகளுக்குத்தான் இந்த மாற்றம். முதியோரும் நோயாளிகளும் குழந்தைகளும் இருக்கும் வீடுகள் அவை.

மாற்றினால் எத்தனை நாளில் செலவு திரும்பும் என்பதில்தான் படித்தவர்களும் தவறுகிறார்கள். 2,270 ரூபாயை 540-ஆல் வகுத்தால் யூனிட்டுக்குச் சராசரி 4.20 ரூபாய். புதிய கீசர் இரண்டு மாதத்தில் 60 யூனிட் மிச்சப்படுத்தினால் 252 ரூபாய் இலாபம். ஒன்பதாயிரம் ரூபாய் திரும்ப ஆறு ஆண்டுகள் ஆகும். இப்படிக் கணக்கிட்டு, "வேண்டாம், ஓடுகிற வரை ஓடட்டும்" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் மிச்சமாகும் 60 யூனிட்டும் சராசரி யூனிட்டுகள் அல்ல; கடைசி யூனிட்டுகள். 540-லிருந்து 480-க்கு இறங்கினால் கட்டணம் 1,605 ரூபாய். மிச்சம் 665 ரூபாய், யூனிட்டுக்கு 11 ரூபாய். முதலீடு இரண்டே கால் ஆண்டில் திரும்பிவிடும். எல்லாத் தவணைகளிலும் இதே அளவு கிடைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே 500-க்கு வெகு கீழே இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பொருளியலில் இறுதிநிலைக் கணக்கு என்று நாங்கள் மாணவர்களைப் படுத்தியெடுத்த பாடம் இதுதான்.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுத்தான் என் கீசரை மாற்றினேன். மாடிக்கு மட்டும் ஏன் போடவில்லை? விடை எளிது. அந்த 665 ரூபாய் எனக்கு வராது.

அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜெரி ஹாஸ்மன் 1979-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குளிரூட்டி வாங்குவோர், இன்று கூடுதலாகக் கொடுக்கும் விலையையும் நாளை மிச்சமாகும் மின்கட்டணத்தையும் எப்படி எடைபோடுகிறார்கள் என்று கணித்தார். ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல் வட்டி கிடைத்தால்தான் திறன்மிக்க கருவியை வாங்குவோம் என்பதுபோல அவர்கள் நடந்துகொண்டார்கள். வருமானம் குறையக் குறைய அந்த வட்டி மேலும் ஏறியது. வகுப்பில் இதைச் சொல்லும்போது, மக்கள் தொலைநோக்கு இல்லாதவர்கள் என்பதற்குச் சான்றாகச் சொல்வேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கையில் ஒன்பதாயிரம் இல்லாதவருக்கு இரண்டாண்டுக்குப் பிந்தைய இலாபம் தொலைவில்தான் இருக்கும். அதைவிட முக்கியமாக, வாடகைக்கு இருப்பவர் தொலைநோக்கோடு இருந்தும் பயனில்லை. பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர், அடுத்தவர் சுவரில் ஐந்து நட்சத்திரக் கீசரை மாட்டுவாரா? அடுக்குமாடி கட்டும் நிறுவனத்தாருக்கும் இதே நிலைதான். நூறு குளியலறைகளுக்கு வாங்கும்போது தலா இரண்டாயிரம் ரூபாய் குறைவாகக் கிடைப்பதையே அவர்கள் வாங்குவார்கள். மின்கட்டணம் வரும்போது அவர்கள் அடுத்த கட்டடத்தில் இருப்பார்கள்.

சட்டமும் இந்தப் பிளவுக்குத் துணை நிற்கிறது. மத்திய அரசு 2021-இல் மாநிலங்களுக்காக வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்துப் பார்த்தேன். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், சுவர், மின்கம்பி, குழாய் ஆகியவற்றின் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு ஆகியவற்றோடு கீசர் பழுதும் குடியிருப்பவர் பொறுப்பு. பழுது நீக்குவது என்றுதான் சட்டம் பேசுகிறது. மாற்றுவதைப் பற்றிப் பேசவில்லை. ஆகவே பழைய கருவி பழுது நீக்கப்பட்டு, மீண்டும் பழுது நீக்கப்பட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பழுது நீக்கத்தில் ஓர் அபாயமும் இருக்கிறது. என் பழைய கீசரை மாடியிலிருந்து இறக்கிய நாளில் கீழ்மூடியைத் திறந்து பார்த்தோம். தெர்மோஸ்டாட் செயலிழந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பதற்கென்று தனியாக ஒரு வெட்டுக்கருவி உண்டு. எப்போதோ வந்த ஒரு மெக்கானிக் அதைத் தாண்டி நேரடியாகக் கம்பி போட்டு இணைத்திருந்தார். அடிக்கடி அணைகிறது என்று நாங்கள் புகார் சொல்லியிருப்போம். அவர் தன்னால் இயன்ற விதத்தில் குறை தீர்த்திருக்கிறார். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டரை மாதம் அந்தக் கருவி சுவரில் தொங்கியது. மின்கட்டணத்தைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்தியது.

குளிர்நாடுகளில் இந்தச் சிக்கல் பன்மடங்கு பெரிது. அங்கே குளிக்க மட்டுமன்று, வீட்டையே சூடாக்க வேண்டும். பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் எரிவாயுக் கொதிகலன் ஒன்று நீரைச் சூடாக்கி, அறைதோறும் உள்ள இரும்புச் சட்டங்களுக்கு அனுப்புகிறது. பழைய கொதிகலன்களில் எரிவாயுவின் வெப்பத்தில் கணிசமான பங்கு நீராவியோடு புகைபோக்கி வழியே வெளியேறியது. அந்த நீராவியைக் குளிரவைத்து அதன் உள்ளுறை வெப்பத்தையும் மீட்கும் கொதிகலன்கள் வந்தபின், சுமார் 90 விழுக்காடு வரை திறன் கூடியது. 2005 ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எரிவாயுக் கொதிகலனை மாற்றுவோர் இந்த வகையைத்தான் பொருத்த வேண்டும் என்று கட்டட விதி கட்டாயமாக்கியது. இவ்வளவும் சொந்த வீட்டுக்காரர்களுக்குப் பொருந்தியது. வாடகை வீட்டு உரிமையாளர் பழையதை மாற்றினால்தானே விதி செயல்படும்? எனவே 2018 ஏப்ரல் முதல் வேறொரு விதி வந்தது. வீடுகளுக்கு ஆற்றல் திறன் தரச் சான்று அங்கே உண்டு. அதன் ஏழு படிகளில் கடைசி இரண்டு படிகளில் இருக்கும் வீட்டைப் புதிதாக வாடகைக்கு விட முடியாது; 2020 ஏப்ரல் முதல் ஏற்கெனவே குடியிருப்பு உள்ள வீடுகளுக்கும் இது பொருந்தும். உரிமையாளர் செலவிட வேண்டிய தொகைக்கு 3,500 பவுண்டு என்று வரம்பும் வைத்தார்கள்.

அதே நாட்டில் தோற்றுப்போன திட்டமும் ஒன்று உண்டு. 2013-இல் தொடங்கிய 'பசுமை உடன்பாடு' திட்டத்தில், வீட்டைச் சீரமைக்கும் கடனை மின்கட்டணத்தின் வழியே திருப்பிச் செலுத்தலாம். குடியிருப்பவர் மாறினாலும் கடன் வீட்டோடு இருக்கும். பொருளியலார் கையால் வரைந்தது போன்ற அழகிய ஏற்பாடு. வட்டி அதிகம், நடைமுறை சிக்கல், நம்பிக்கை குறைவு. சுமார் 14,000 வீடுகளோடு 2015-இல் அரசு நிதியளிப்பை நிறுத்திக்கொண்டது.

நமக்கு அந்த அளவுக்குப் பெரிய எந்திரம் தேவையில்லை. மின்கட்டணத்தோடு சேர்த்துத் தவணை பிடிக்கும் பழக்கம் இங்கே ஏற்கெனவே உண்டு. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. விளக்குகளைப் பல மாநிலங்களில் மாதம் 10 ரூபாய் தவணையில் கொடுத்தார்கள். மொத்தக் கொள்முதலால் விளக்கின் விலையும் பெருமளவு வீழ்ந்தது. கீசருக்கு அப்படியொரு திட்டம் ஏன் கூடாது? அடுத்து, தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை என்று எழுதும் அந்தத் தாளில், கீசர் எந்த ஆண்டில் வாங்கியது, எத்தனை நட்சத்திரம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். 2006 என்று எழுத எனக்கே கை கூசியிருக்கும்.

சூரிய வெந்நீர் அமைப்பு இதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. பெங்களூருவில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதி 2007-இல் வந்தது. அந்நகர மொட்டை மாடிகளைப் பார்த்தவர்களுக்கு அதன் விளைவு தெரியும். ஆனால் மொட்டை மாடி உரிமையாளருடையது. வாடகைதாரருக்கு அங்கே துணி காயப்போடத்தான் இடம். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சி நீருக்கு ஏற்றும் வெப்ப ஏற்றிகள் ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தருகின்றன. நம் வெக்கைக்கு அவை நன்றாகப் பொருந்தும். விலைதான் வீடுகளுக்கு இன்னும் எட்டவில்லை. விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இப்போதே கட்டுப்படியாகும்.

என் சிறுவயதில் வீட்டுக் கொல்லையில் ஒரு செம்புப் பாய்லர் இருந்தது. நடுக்குழாயில் கொட்டாங்குச்சியைப் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியுள்ள நீர் சூடாகும். வாங்கியவர் தாத்தா; கொட்டாங்குச்சி பொறுக்கியவர்கள் நாங்கள். அங்கேயும் செலவு வேறொருவர் தலையில்தான்.

மாடிக்குப் புதிய கீசர் வாங்குவதென்று முடிவானதும், குடித்தனக்காரரிடம் ஓர் ஏற்பாட்டைச் சொன்னேன். விலை ஒன்பதாயிரத்தை நான் கொடுப்பேன். அவர் இரண்டாண்டுகளுக்கு மாதம் 150 ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும். மிச்சமாகும் தொகையில் பாதிக்கும் குறைவு. அவர் சற்று யோசித்து, "கரண்ட் பில் குறையலைன்னா என்ன பண்றதுங்க சார்?" என்றார். பிரிட்டன் அரசு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. முதல் தவணை வந்து, குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு கொடுத்தால் போதும் என்றேன். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "கதவுக்கும் சன்னலுக்கும் தனியா வாடகை வாங்கறோமா? அதுக்குப் போய்க் காசு கேட்பாங்களா?" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உரிமையாளருக்கு ஒரு பைசாவும் வராது என்றால், என் தெருவில் உள்ள மற்ற வீட்டுக்காரர்கள் எவரும் பழைய கீசரைத் தொடமாட்டார்கள். நானும் தொட்டிருக்க மாட்டேன் என்பதற்கு இந்தக் கட்டுரையின் முதல் பத்தியே சான்று.

அடுத்த கணக்கீட்டில் 486 யூனிட் வந்தது. கட்டணம் 1,641 ரூபாய். அவர் 150 ரூபாயைத் தந்தார், வாங்கிக்கொண்டேன். கீழே எங்கள் வீட்டில் மட்டும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. புதிய கீசர் மின்சாரம் அதிகம் இழுக்காது என்ற தைரியத்தில் பாத்திரம் கழுவவும் வெந்நீர் என்றாகிவிட்டது.

பழைய கீசரைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஓடுதுங்களா?" என்று கேட்டார். ஓடினால் 800 ரூபாய், இல்லாவிட்டால் எடைக்கு 350 என்றார். அது அடுத்து எந்த லைன் வீட்டுச் சுவருக்குப் போகும் என்று கேட்டேன். சிரித்தார். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, சுருளை வெட்டி, தொட்டியில் ஓர் ஓட்டையும் போடச் செய்தபின் 350 ரூபாயை வாங்கிக்கொண்டேன்.